பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்க: விசிட்டர் விசாவா, சூப்பர் விசாவா?

கனடாவில் குடியேறிய பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. அப்பா அம்மாவை வரவழைக்க வேண்டும். சாதாரண விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிப்பதா, சூப்பர் விசாவுக்கா? "சூப்பர் விசா என்றால் 5 வருஷம் இருக்கலாமாம், அதையே போட்டுவிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி இறங்குகிறார்கள். வருமானத் தாள் போதாமல் திரும்புகிறவர்களும், மூன்று மாதத்தில் ஊர் திரும்பும் பெற்றோருக்கு ஓராண்டுக் காப்பீடு வாங்கிக் கையைக் கடித்துக்கொள்கிறவர்களும் அவர்களில் நிறையப் பேர்.

இரண்டு விசாக்களும் நிற்கும் தூண்கள் வேறு. விசிட்டர் விசா விண்ணப்பம் பெற்றோரின் நிலைமையை வைத்து நிற்கும்: ஊரில் அவர்களுக்கு என்ன இருக்கிறது, ஏன் திரும்பி வருவார்கள். சூப்பர் விசாவுக்கு அதோடு பிள்ளையின் வருமானம், காப்பீடு, மருத்துவப் பரிசோதனை மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தத் தூண் உறுதியானது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தொடர்ந்து எத்தனை மாதம்? பத்து வருஷத்தில் எத்தனை முறை வருவார்கள் என்பது இரண்டாவது கேள்விதான். ஒரே தடவையில் 6 மாதத்துக்கு மேல் தங்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பெற்றோரிடமே கேளுங்கள். பிள்ளைகள் ஒரு வருஷம் என்று கணக்குப் போடுவார்கள். அம்மாவுக்கு முதல் குளிர்காலத்திலேயே வீட்டு நினைவு வந்துவிடும்.

அழைப்பவரின் நிலை என்ன? சூப்பர் விசாவுக்கு அழைக்கும் பிள்ளையோ பேரப்பிள்ளையோ கனடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம், அதாவது பிஆர், பெற்றிருக்க வேண்டும். வேலை அனுமதியிலோ மாணவர் விசாவிலோ இருப்பவரின் பெற்றோருக்கு அந்த வாசல் இல்லை. இவர்கள் இத்துடன் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு விசிட்டர் விசா பகுதிக்கே போகலாம்.

வருமானம் தாளில் எவ்வளவு? கையில் வருவது வேறு, வரிக் கணக்கில் தெரிவது வேறு.

பெற்றோரின் வயதும் உடல்நிலையும். காப்பீட்டுத் தொகையையும் மருத்துவப் பரிசோதனையையும் தீர்மானிப்பவை இவை.

எப்போது வர வேண்டும்? மகளின் பிரசவம், பேரனின் திருமணம் என்று தேதி குறித்த காரணம் இருந்தால், அதிகத் தாள் கேட்கும் வழியை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| விஷயம் | விசிட்டர் விசா | சூப்பர் விசா |
|---|---|---|
| ஒருமுறை நுழைந்தால் தங்கும் காலம் | வழக்கமாக 6 மாதம் வரை | 5 ஆண்டு வரை |
| கனடாவில் இருந்தபடி நீட்டிப்பு | விண்ணப்பிக்கலாம் | விண்ணப்பிக்கலாம், ஒருமுறைக்கு 2 ஆண்டு வரை |
| விசா செல்லும் காலம் | அதிகாரி முடிவு. அதிகபட்சம் 10 ஆண்டு | 10 ஆண்டு வரை, பலமுறை நுழைவு |
| யார் அழைக்கலாம் | யாரும். அழைப்பே இல்லாமலும் வரலாம் | குடியுரிமை அல்லது பிஆர் உள்ள பிள்ளை, பேரப்பிள்ளை |
| அழைப்பவருக்கு வருமான எல்லை | நிர்ணயித்த தொகை இல்லை | உண்டு |
| மருத்துவக் காப்பீடு | கட்டாயமில்லை, ஆனால் தேவை | கட்டாயம்: குறைந்தது 1,00,000 டாலர், ஓராண்டு |
| மருத்துவப் பரிசோதனை | 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால் கேட்கப்படலாம் | அனைவருக்கும் |
| விண்ணப்பக் கட்டணம் | ஒருவருக்கு 100 டாலர் | ஒருவருக்கு 100 டாலர் |
| கைரேகை, புகைப்படம் | ஒருவருக்கு 85, குடும்பமாகச் சேர்ந்து போட்டால் 170 டாலர் | அதே |

தொகைகள் எல்லாம் கனடிய டாலரில். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து அரசுக்குக் கட்டுவது இரண்டு வழியிலும் 370 டாலர்தான். செலவு வேறுபடுவது அதற்குப் பிறகு. முன்பே கைரேகை கொடுத்து 10 ஆண்டு ஆகவில்லை என்றால் மறுபடி கொடுக்கத் தேவையில்லை.

## விசிட்டர் விசா

அதிகாரி மனதில் ஒரே கேள்விதான்: இவர் அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்பிப் போவாரா? குடிவரவு ஒழுங்குவிதி 179-ஐக் காட்டி வரும் மறுப்புக் கடிதங்கள் இதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்கின்றன: கனடாவில் குடும்ப உறவு அதிகம், சொந்த நாட்டில் பிணைப்புக் குறைவு, பயண நோக்கம் தெளிவாக இல்லை, நிதி நிலை போதாது.

ஆகவே தாள்கள் இந்தக் கேள்விக்குப் பதிலாக அமைய வேண்டும். வீட்டுப் பத்திரம், ஓய்வூதிய ஆணை, கடை அல்லது நிலத்தின் வருமானம், ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகள், பராமரிப்பில் இருக்கும் முதியவர், முன்பு வேறு நாடுகளுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பிய முத்திரைகள். பத்திரத்தை மட்டும் இணைத்தால் போதாது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், வாடகை வருகிறதா என்று ஒரு பக்கக் கடிதத்தில் பெற்றோரே சொல்ல வேண்டும். ஐம்பது ஆவணம் போட்டு விளக்கக் கடிதம் இல்லாத கோப்பைவிட, பதினைந்து ஆவணத்தோடு தெளிவான கடிதம் உள்ள கோப்பு வலுவானது.

வங்கிக் கணக்கில் செய்யும் தவறு பெரிதாகக் கேடு செய்யும். மாதம் முழுக்கச் சிறு தொகை இருந்த கணக்கில், விண்ணப்பிக்கும் வாரம் பெரிய தொகை வந்து விழுந்தால் அதிகாரி அதைப் பெற்றோரின் பணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். செலவைப் பிள்ளைதான் ஏற்கிறார் என்றால் அதை ஒளிக்க வேண்டியதில்லை. அழைப்புக் கடிதத்தில் அப்படியே எழுதி, பிள்ளையின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கையை இணைப்பதே நேர்மையான, வலுவான வழி.

தங்கும் காலமும் காரணமும் பொருந்த வேண்டும். பேரனின் பட்டமளிப்பு விழாவுக்கு என்று எழுதிவிட்டு 6 மாதம் கேட்பது சந்தேகத்தைத் தானே வரவழைப்பது. பிரசவத்துக்கு வருகிறார்கள் என்றால் மருத்துவர் குறித்த தேதியோடு கடிதம் இணைத்து, அதற்கு முன்பின் நாள்களைச் சேர்த்துக் கேட்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விசிட்டர் விசா என்றாலே 10 ஆண்டு, பலமுறை நுழைவு என்ற பழைய எதிர்பார்ப்பு இனி பொருந்தாது. 2024 நவம்பரில் குடிவரவுத் துறை அந்த வழக்கத்தை மாற்றி, எத்தனை காலம், எத்தனை நுழைவு என்பதை அதிகாரியின் முடிவுக்கே விட்டுவிட்டது. ஒரே நுழைவு விசா வந்தால், அடுத்த முறைக்கு மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. ஆண்டுதோறும் வந்துபோக நினைக்கும் குடும்பம் இந்தச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

### வந்த பிறகு நீட்டிப்பது

விசிட்டர் விசாவில் வந்து, இங்கிருந்தே இன்னும் சில மாதம் கேட்பது மூன்றாவது வழிபோல் பலர் பயன்படுத்துகிறார்கள். தங்கும் காலம் முடிய குறைந்தது 30 நாள் முன்பு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஒருவருக்கு 100 டாலர். காலாவதிக்கு முன் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை கனடாவில் சட்டப்படி இருக்கலாம். கிடைக்கும் தாளுக்கு விசிட்டர் ரெக்கார்ட் என்று பெயர். அது தங்குவதற்கான அனுமதி மட்டுமே. விசா காலாவதியாகியிருக்க, அந்தத் தாளை நம்பி ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியாது.

ஒருமுறை, தக்க காரணத்தோடு நீட்டிப்பது சரி. மறுபடி மறுபடி நீட்டித்து இரண்டு வருஷம் ஓட்டுவது நல்ல யோசனை அல்ல. ஒவ்வொரு நீட்டிப்பும், முதல் விண்ணப்பத்தில் சொன்ன காலத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்ற பதிவையும் சேர்த்தே விட்டுச் செல்கிறது. அடுத்த விசாவின்போது அதிகாரி அதைப் பார்ப்பார். நீண்ட காலம் தங்குவது முதலிலிருந்தே திட்டம் என்றால் சூப்பர் விசாவுக்கே போங்கள். ஆனால் அதற்குக் கனடாவில் இருந்தபடி விண்ணப்பிக்க முடியாது. பெற்றோர் வெளியில் இருக்கும்போதே போட வேண்டும்.

## சூப்பர் விசா

2011 டிசம்பரில் தொடங்கிய திட்டம். முதலில் ஒரு நுழைவுக்கு 2 ஆண்டு என்று இருந்தது. 2022 ஜூலை 4 முதல் 5 ஆண்டு ஆனது. இங்கு மூன்று இடங்களில் கோப்பு விழுகிறது.

### வருமானம்

அழைப்பவரின் வருமானம், குடும்ப எண்ணிக்கைக்கு உரிய குறைந்த வருமான எல்லையை எட்ட வேண்டும். இங்குள்ள தமிழர்கள் லைகோ என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் தவறுவது தலைகளை எண்ணுவதில். அழைப்பவர், அவருடைய துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள், இப்போது அழைக்கப்படும் பெற்றோர், முன்பு ஸ்பொன்சர் செய்து இன்னும் பொறுப்பு முடியாதவர்கள், செல்லுபடியாகும் சூப்பர் விசாவில் முன்பே அழைத்தவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வரப்போகும் அப்பா அம்மா என்றால் 6 பேர். 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் 6 பேருக்கு 72,560 டாலர், 4 பேருக்கு 56,724 டாலர். நான்கு பேர் என்று தவறாக எண்ணியவர் 15,000 டாலருக்கு மேல் குறைவாகக் காட்டி நிற்பார். பட்டியல் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் நாளில் குடிவரவுத் துறையின் தளத்தில் உள்ள தொகையே பொருந்தும்.

வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பில் 15000 என்று எண்ணிட்ட வரிசையில் இருக்கும் மொத்த வருமானத்தைப் பாருங்கள். சம்பளக்காரருக்குப் பிரச்சினை குறைவு. சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்த வரிசையில் செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் லாபம்தான் வந்து நிற்கும். வண்டி, எரிபொருள், வீட்டு அலுவலகம் என்று கழித்து வரியைக் குறைத்தவர், சூப்பர் விசாவுக்கு வரும்போது அதே காரணத்தால் எல்லைக்குக் கீழே போய்விடுகிறார். கையில் வாங்கும் கணக்கில் வராத கூலியும் இங்கே உதவாது. அடுத்த வருஷம் பெற்றோரை அழைக்கும் எண்ணம் இருந்தால், வரித் தாக்கல் செய்யும்போதே இதைக் கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் வருமானம் போதாவிட்டால் துணைவரின் வருமானத்தைச் சேர்க்கலாம். அவர் அழைப்புக் கடிதத்தில் கூடவே கையெழுத்திட வேண்டும். அண்ணனோ தங்கையோ அப்படிச் சேர முடியாது. மூன்று பிள்ளைகள் கனடாவில் இருந்தால், யாருடைய குடும்பம் சிறியது, வருமானம் கூடியது என்று பார்த்து அவர் அழைப்பதே புத்திசாலித்தனம். அவர் வீட்டில்தான் பெற்றோருக்குப் பிரியம் என்று இல்லாவிட்டாலும் தாளில் அவர் நிற்கட்டும். ஆனால் தங்கும் காலம் முழுவதற்கும் செலவை ஏற்பதாகக் கையெழுத்திடுவது அவர் என்பதை உடன்பிறப்புகள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மாமனார் மாமியாரை அழைக்க மருமகன் அழைப்பவராக நிற்க முடியாது. மகள்தான் அழைக்க வேண்டும், மருமகன் துணைவராகச் சேர்ந்து கையெழுத்திடலாம்.

### காப்பீடு

குறைந்தது 1,00,000 டாலர் காப்பு, கனடாவுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு, சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு அடங்கியிருக்க வேண்டும். விலைக் குறிப்பு மட்டும் ஏற்கப்படாது. முழுத்தொகையோ முன்பணத்தோடு மாதத் தவணையோ கட்டியதற்கான சான்று வேண்டும். கனடிய நிறுவனத்தின் பாலிசியே பலருடைய தேர்வு. 2025 ஜனவரி 28 முதல், கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது. ஊரில் விமானச் சீட்டோடு சேர்த்து விற்கும் மலிவான பயணக் காப்பீடு இந்த நிபந்தனைக்குப் போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். வயது ஏற ஏறத் தொகை செங்குத்தாக ஏறும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் இருப்பவர்களுக்கு, பழைய நோயையும் சேர்த்துக் காக்கும் பாலிசி தனி விலை. அப்படி வாங்கினாலும் காப்பீடு தொடங்கும் முன் 90 அல்லது 180 நாள் அந்த நோய் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த நாள்களுக்குள் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியிருந்தாலே, குறைத்திருந்தாலும்கூட, பல பாலிசிகளில் அந்த நோய் காப்புக்கு வெளியே போய்விடும். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு போய் எல்லா மருந்தையும் மாற்றி எழுதி வாங்குவதைத் தவிர்த்து, ஆறேழு மாதம் முன்பே முழுப் பரிசோதனையை முடித்துக்கொள்வது நல்லது. உடல்நிலைக் கேள்வித்தாளில் ஒரு நோயை மறைத்தால், மாரடைப்புக்கு மருத்துவமனையில் சேர்ந்த பிறகு மொத்தக் கோரிக்கையும் நிராகரிக்கப்படும். அந்தப் பில் பிள்ளையின் தலையில் விழும்.

வாங்கும் முன் முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் முழுப் பணமும் திரும்புமா? தொடக்க நாளைத் தள்ளிவைக்கலாமா? கோரிக்கை எதுவும் இல்லாமல் முன்னதாக ஊர் திரும்பினால் மீதி மாதங்களுக்குப் பணம் வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழிவுத்தொகையை (டிடக்டிபிள்) உயர்த்தினால் கட்டணம் குறையும்; ஆனால் அவசர சிகிச்சையின்போது அந்தத் தொகையை உங்கள் கையிலிருந்துதான் முதலில் கட்டவேண்டும்.

விசிட்டர் விசாவில் வருவோருக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாகாணத்தின் பொது மருத்துவத் திட்டம் பார்வையாளர்களைக் காக்காது; தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் முழுச் செலவும் குடும்பத்துடையது. விசிட்டர் விசாவின் சௌகரியம், தங்கும் நாள்களுக்கு மட்டும் வாங்கலாம் என்பதுதான்.

### மருத்துவப் பரிசோதனை

குடும்ப மருத்துவரின் சான்றிதழ் செல்லாது. குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவர்களிடமே போக வேண்டும். கட்டணம் நேரடியாக அவரிடம். முடிவு 12 மாதம் செல்லும். பழைய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். சளியில் காசநோய்க் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனை முடிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இளமையில் அந்த நோய் வந்து குணமானவர்கள் பழைய சிகிச்சைத் தாள்களை எடுத்துப் போனால் விளக்குவது எளிது. குறித்த தேதிக்குள் வர வேண்டியவர்களுக்கு இந்தத் தாமதமே விசிட்டர் விசா பக்கம் சாய்வதற்குப் போதுமான காரணம்.

## இரு கோப்புகளிலும் தடுக்கும் கற்கள்

தமிழர்களின் பெயர் அமைப்பு முதலாவது. அம்மாவின் கடவுச்சீட்டில் கணவர் பெயர், மகளின் பிறப்புச் சான்றில் அம்மாவின் பெயர் முன்னெழுத்தோடு, மகளின் கனடிய ஆவணத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராக. உறவை நிரூபிக்கும் தாளில் இவை ஒத்துப்போகாவிட்டால், இருவரும் ஒருவரே என்று சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். பழைய பிறப்புச் சான்றுகளில் குழந்தையின் பெயரே இருக்காது. முதலில் பெயர் சேர்த்துப் புதிய பிரதி வாங்க நாள் பிடிக்கும். சூப்பர் விசாவில் இந்த உறவுச் சான்று அடித்தளம் என்பதால் இதையே முதல் வேலையாகத் தொடங்குங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும்.

அடுத்தது கடவுச்சீட்டு. அது முடியும் நாளைத் தாண்டி விசா கிடைக்காது. இரண்டு வருஷமே மிச்சமிருக்கும் கடவுச்சீட்டில் விண்ணப்பித்தால் 10 ஆண்டு வாய்ப்பை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். முதலில் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

முன்பு வேறு நாட்டு விசா மறுக்கப்பட்டிருந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் சொல்லிவிட வேண்டும். மறுப்பு இருப்பது பெரிய குற்றமில்லை. மறைத்தால் தவறான தகவல் தந்ததாக 5 ஆண்டுத் தடை வரும். முகவர் நிரப்பிய படிவமானாலும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கே. அனுப்பும் முன் ஒவ்வொரு பதிலையும் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நீண்ட காலம் தங்குவோருக்கு ஊர்ப்பக்கத்து வேலைகளும் உண்டு. இந்தியாவில் அரசு ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று தரவேண்டும். ஒரு ஆண்டில் 183 நாள் அல்லது அதற்கு மேல் கனடாவில் தங்கினால் வரி நோக்கில் இங்கு வசிப்பவராகக் கருதப்படும் விதியும் இருக்கிறது. ஊரில் வாடகை, வட்டி வருமானம் உள்ளவர்கள் இரட்டை வரி ஒப்பந்தம் தெரிந்த கணக்காளரிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும்.

## யாருக்கு எது

முதல்முறை வருகிறார்கள், இரண்டு மூன்று மாதம்தான், ஊரில் சொத்தும் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் விசிட்டர் விசா. இங்கு அவர்களால் இருக்க முடிகிறதா என்பது அந்தப் பயணத்திலேயே தெரியும். நேரத்துக்குத் திரும்பிப் போனது அடுத்த விண்ணப்பத்துக்குப் பலம்.

மகன் இன்னும் வேலை அனுமதியில், அல்லது வருமானம் எல்லையைத் தொடவில்லை என்றாலும் விசிட்டர் விசாதான்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மா, ஆண்டில் பெரும்பகுதி மகளோடு தங்குவார், மகளின் வருமானம் எல்லைக்கு மேலே தாராளமாக இருக்கிறது என்றால் சூப்பர் விசா. ஓராண்டுக் காப்பீடு எப்படியும் வாங்க வேண்டியதே என்பதால் கூடுதல் செலவு அவ்வளவாக இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கட்டணமும் பதற்றமும் மிச்சம்.

எண்பதைத் தாண்டிய, பல நோய் உள்ள பெற்றோர் என்றால் காப்பீட்டு விலையை முதலில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில குடும்பங்களுக்கு ஓராண்டுக் காப்பீட்டைவிட, பிள்ளை ஆண்டுக்கு இருமுறை ஊர் போய்வருவதே கட்டுபடியாகும். அதுவும் ஒரு நல்ல தெரிவு.

நிரந்தர வதிவிட ஸ்பொன்சர் விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் இந்த இரண்டு விசாவுக்கும் தடையில்லை. இப்போது பார்வையாளராக வருவது, பின்னர் நிரந்தரமாகக் குடியேற விரும்புவது என்ற இரட்டை நோக்கத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தை மறைக்காமல் குறிப்பிட்டு, அது கிடைக்காவிட்டால் ஊர் திரும்புவோம் என்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும்.

## விமான நிலையத்தில்

விசா கிடைத்தாலும் தங்கும் காலத்தை முடிவு செய்பவர் எல்லை அதிகாரி. கடவுச்சீட்டில் தேதி எதுவும் குறிக்கவில்லை என்றால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம் என்றே பொருள். சூப்பர் விசாவில் வரும் பெற்றோர் தானியங்கி இயந்திரத்தில் பதில் தட்டிவிட்டு அப்படியே வெளியே நடந்துவிடக் கூடாது. அதிகாரியிடம் தங்களுடையது சூப்பர் விசா என்று சொல்லி, காப்பீட்டுத் தாளையும் அழைப்புக் கடிதத்தையும் காட்டி, காலத்தைத் தேதியோடு குறித்துத் தரும்படி கேட்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு இதை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, கைப்பையில் மருந்துச் சீட்டோடும் உங்கள் தொலைபேசி எண்ணோடும் வைத்து அனுப்புங்கள். பெட்டிக்குள் வைத்தால் அந்தக் கவுண்டரில் அது கைக்கு வராது.